பன்னிரண்டாம் கிளிக்கில் சுற்றாத கிரைண்டர்

"தம்பி, மெஷின எடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு வேண்டாம்."

லக்ஷ்மிபாய் நகர் வசந்தா மேடம் போனில் இப்படிச் சொன்னபோது எனக்கு வருத்தம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வீட்டு எஸ்பிரஸோ மெஷின்களுக்கு சர்வீஸ் பார்ப்பது என் வேலை. பதினெட்டு வருஷமாக டில்லி முழுக்க அலைகிறேன். அவருக்கு கிரைண்டர் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நான்தான்.

மூன்று வாரத்துக்கு முன்பு முதல் விசிட். மேடம் ஒரு அரசு அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவு, திருநெல்வேலிக்காரர். குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன் மெஷின் வாங்கி அனுப்பியிருந்தான். இவர் காபிக்கொட்டையை மிக்ஸியில் அடித்துப் போட்டிருந்தார். மிக்ஸியில் பாதி மாவாகும், பாதி குருணையாக நிற்கும். எஸ்பிரஸோவுக்கு அது ஆகவே ஆகாது.

தூள் போடுவதற்கு மெஷினோடு வந்த டபுள் வால் பாஸ்கெட், அதாவது இரட்டைச் சுவர் வைத்த சல்லடைக் கிண்ணம், வேறு மாட்டியிருந்தது. அதன் அடியில் ஒரே ஒரு பொடித் துளை. தூள் எப்படி இருந்தாலும் அந்தத் துளையே அழுத்தம் உண்டாக்கி நுரை காட்டிவிடும். எங்கள் தொழிலில் அதை மதிக்க மாட்டோம். "இதக் குப்பையில போடுங்க மேடம்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு சிங்கிள் வால் பாஸ்கெட்டை மாட்டினேன். இதற்குத் தூள் நைசாக, ஒரே சீராக வேண்டும்.

பட்ஜெட் கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு வரும் எலெக்ட்ரிக் கிரைண்டர் எதுவும் அந்த நைசுக்கு அரைக்காது. கை கிரைண்டர் என்றால் மோட்டாருக்குப் போகிற காசு அரைக்கிற பல்லுக்குப் போகும். சாமான் நன்றாக இருக்கும். அடியில் உள்ள வளையத்தைக் கிளிக் கிளிக்காகக் கூட்டினால் தூள் பெரிதாகும், குறைத்தால் நைசாகும். நூறு பேருக்காவது இதைச் சொல்லி வாங்க வைத்திருப்பேன். அவருக்கும் வாங்க வைத்தேன். கிரைண்டர் வந்ததும் போய், பதினெட்டு கிராம் கொட்டை, பன்னிரண்டாம் கிளிக், முப்பது செகண்டில் முப்பத்தாறு கிராம் டிகாஷன் என்று நானே அரைத்து, நானே போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு "இதுல்லா காபி" என்றார். பெருமை தாங்கவில்லை எனக்கு.

அதனால்தான் ரிட்டர்ன் என்றதும் எரிச்சல். போய்ப் பார்த்தேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை. டிகாஷன் எட்டே செகண்டில் தண்ணீராக ஊற்றியது. கிரைண்டரைத் திருப்பிப் பார்த்தால் இருபத்தெட்டாம் கிளிக்கில் நிற்கிறது.

"படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேன். நீங்க இஷ்டத்துக்குத் திருப்பி வச்சிருக்கீங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. கிளிக்கைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து, கொட்டை போட்டு, அரையுங்கள் பார்ப்போம் என்று அவர் கையில் கொடுத்தேன்.

இடது கையால் கிரைண்டரைப் பிடித்து, வலது கையால் சுற்றினார். அரைச் சுற்று வந்தது. கொட்டை பல்லில் மாட்டியதும் கைப்பிடி நின்றுவிட்டது. உடம்பையே சாய்த்துப் பார்த்தார், நகரவில்லை. ஸ்வெட்டர் கை மேலேறியபோது வலது மணிக்கட்டிலிருந்து நீளமாக ஒரு தையல் தழும்பு தெரிந்தது.

"பஸ்ல விழுந்து பிளேட் வச்சிருக்கு" என்றார். "ஃபில்டரத் திருகித் தொறக்க முடியலன்னுதான் மவன் இத அனுப்புனான். சமைக்க ஒருத்தி வாரா, துணி துவைக்க ஒருத்தி வாரா. காலைல ஒரு காபியாது என் கையால போட்டுக் குடிக்கலாம்னு பாத்தேன்."

"மொதல்லயே சொல்லிருக்கலாமே மேடம்?"

"நீங்க பட்ஜெட்தான கேட்டீய."

வெட்கமாக இருந்தது எனக்கு. அந்த அம்மா சுற்ற முடியாமல் கிளிக்கைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். நான் அதற்குச் சத்தம் போட்டிருக்கிறேன்.

பழைய பாஸ்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டாரா என்று கேட்டேன். நல்லவேளை, அவர் ஸ்டோர்ஸ்காரர். உதவாது என்று எழுத்தில் வராமல் எந்தச் சாமானையும் கழிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. டிராயரில் ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்திருந்தார். பதினெட்டு வருஷம் தொழில் பார்த்தவன் வேண்டாம் என்ற சாமானை அவர் பத்திரப்படுத்தியிருந்தார்.

அதையே மாட்டினேன். கிளிக்கை மறுபடி இருபத்தெட்டுக்கு வைத்தேன். என் பையில் நன்றாக வறுத்த கொட்டை சாம்பிள் இருந்தது. அது லேசாக உடையும். கிரைண்டரை அவரிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். ஆனால் கைப்பிடி மாட்டிக்கொண்டு நிற்கவில்லை. தூளை பாஸ்கெட்டில் கொட்டி, அதைத் தாங்கும் நீளப் பிடியை மெஷினில் மாட்டி இடது உள்ளங்கையால் தள்ளிப் பூட்டினார். டிகாஷன் நுரையோடு இறங்கியது.

குடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அன்னைக்கு நீங்க போட்டதுதான் ருசி" என்றார். அப்புறம் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆனா இது நான் போட்டது" என்றார்.

மெஷினை எடுத்துப் போகும் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கிரைண்டர் வேண்டும் என்று யாராவது வந்தால் இப்போதெல்லாம் பட்ஜெட்டை நான் கடைசியில்தான் கேட்கிறேன். முதலில் டெமோ பீஸில் பதினெட்டு கிராம் கொட்டை போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.