அம்மன் காலடியில் கார் சாவி

பிரிக்பீல்ட்ஸ், காலை பத்து மணி. வாடகைக் கார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் நின்றது. ஆள் இல்லை, கவுண்டர் இல்லை. சாவி என் போனில். முந்தின நாள் அடையாள அட்டையையும் முகத்தையும் காட்டி வாங்கியது. போனைக் கதவில் வைத்தேன். டக் என்று திறந்தது. இரண்டு நாளுக்கு வாடகை இருநூற்று நாற்பது வெள்ளி. லோரி ஓட்டியவன் நான். எந்த வண்டியும் வண்டிதான்.

கேரி தீவுக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். சுங்கை வே வரை நெரிசல். கிள்ளான் தாண்டிப் பாலம் ஏறினால் தீவு. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்.

அக்கா பாப்பாத்தி வாசலில் பையோடு நின்றாள். வலது கண்ணில் புரை. பகல் இரண்டு மணிக்குக் கிள்ளான் மருத்துவமனையில் அறுவை. தவறினால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. இடது கண்ணும் மங்கி வருகிறது.

“புது வண்டி. சாவியைக் கோயில்ல வச்சு எடுத்துட்டுப் போவோம்.”

“சாவி போனுக்குள்ள இருக்குக்கா.”

“அப்ப போனை வை.”

கோயிலில் பூசாரி போனைத் தட்டில் வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். என் நெற்றி நிறையத் திருநீறும் சந்தனமும் பூசினார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வெளியே வந்தேன். திரும்பினால் கம்பிக் கதவில் பூட்டு. பூசாரி மோட்டார் சைக்கிளில் அடுத்த கோயிலுக்குப் போய்விட்டார். போன் உள்ளே.

அக்காவின் பக்கத்து வீட்டு ராஜு பூசாரியைப் போனில் கூப்பிட்டுப் பார்த்தான். எடுக்கவில்லை.

“அண்ணே, இனி அம்மன்தான் ஓட்டணும் லா.”

“டாக்சி?”

“இங்க வர்றதுக்குள்ள டாக்டர் வீட்டுக்குப் போயிடுவாரு.”

கார் கண்ணாடியில் வாடகைக் கம்பெனியின் எண் ஒட்டியிருந்தது. ராஜு போனிலிருந்து அடித்தேன். ஒரு தமிழ்ப் பெண் பேசினாள்.

“போன் எங்க அங்கிள்?”

“கோயில்ல. பூட்டிட்டாங்க.”

“பரவால்ல. அந்தச் சாவியை ரத்து பண்ணிட்டு இந்தப் போனுக்குப் புதுசு அனுப்புறேன்.”

“என் பேரைச் சொல்லி யாரு கேட்டாலும் கொடுப்பீங்களா?”

“மாட்டோம். உங்க முகம் வேணும்.”

அது சரி என்று பட்டது. ராஜு போனின் கேமராவில் முகத்தைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு. இன்னொரு முறை தவறினால் இன்று முழுக்க முடியாது என்றாள். நெற்றியைத் துடைக்கத் துண்டை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

“சாமி திருநீறுடா. அழிக்காத.”

“உனக்குக் கண்ணு தெரியட்டும். ரெண்டு மடங்கு பூசிக்கிறேன்.”

துடைத்தேன். பச்சை. கதவு டக் என்றது. போன் ராஜுவுடையது, அவனும் ஏறினான். வழி முழுக்கப் பின் சீட்டில் குறட்டை. ஒன்றரைக்குக் கிள்ளான்.

அறுவை முடிந்து, அக்காவின் கண்ணில் கட்டோடு, மாலை தீவுக்குத் திரும்பினோம். பூசாரி போனோடு நின்றார். “சாமி பத்திரமா வச்சிருக்கா” என்றார். என் போனை எடுத்துக்கொண்டேன். சாவியை அந்தப் போனுக்கே மாற்றி வாங்கினேன்.

மறுநாள் கிள்ளானில் கட்டைப் பிரித்தார்கள்.

என் வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில் கிடக்கும். தெருவுக்கே தெரியும். இந்தச் சாவி கோயிலுக்குள் பூட்டிக் கிடந்தும் என்னைப் பார்த்த பிறகுதான் கார் திறந்தது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

மருத்துவமனை வாசலில், காருக்குப் பக்கத்தில், அக்கா என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

“நெத்தி ஏன்டா காலியா இருக்கு?”

“முதல்ல கார் திறக்கட்டும்க்கா.”

டக் என்றது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திருநீறு எடுத்தாள். குனிந்தேன்.