ஊதா மைப் பாதம்

நசரத்பேட்டை கோதண்டத்துக்குப் பேத்தி பிறந்து இருபது நாள். கொட்டாவி விடுகிற அந்தப் பஞ்சு உருண்டையைப் பார்க்கத்தான் தினமும் வேலை விட்டதும் ஓடி வருவார். ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி சரசா, பேத்தியின் காலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கேட்டாள்.

"நம்ம மொதப் புள்ளைக்கும் காலு இப்டிதான் இருந்துதாய்யா?"

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் பிறந்து இரண்டே நாள் இருந்த ஆண் பிள்ளை. சரசா ஜன்னி கண்டு நினைவில்லாமல் கிடந்தாள்; கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துணியில் சுற்றிக் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய்ப் புதைத்தவர் கோதண்டம். விலக்கிப் பார்க்க அவருக்கும் தைரியம் வரவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய ஆஸ்பத்திரித் தாள்களை ஸ்கேன் பண்ணுவது அவர் வேலை. தாளின் மூலையில் கியூஆர் கோட் ஒட்டி மிஷினுக்குள் விடுவார். கம்ப்யூட்டர் அதைப் படித்துவிட்டால் படம் உள்ளே போய்விடும், தாள் அரவையில் விழுந்து தூளாகும். படிக்க முடியாத தாள் மட்டும் அவர் மேஜைக்குத் திரும்பி வரும். அதற்கு நம்பரைக் கையால் தட்டி, அவரே அரவையில் போடுவார்.

திங்கட்கிழமை ஒரு கட்டுக்கு நடுவில் அந்தத் தாள் இருந்தது. 'சரசா, க/பெ கோதண்டம், ஆண் குழந்தை.' கீழே ஊதா மையில், மங்கலாக, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பாதம். ஐந்து விரலும் தெரிந்தது.

போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தாளை வெளியே கொண்டுபோகக் கேட்டால் வேலை போய்விடும். கட்டின் அடியில் அதைச் செருகிவிட்டு வந்து சாயங்காலம் சரசாவிடம் சொன்னார். அவள் பேத்தியின் பாதத்தை ஒரு தடவை வருடினாள்.

"எட்தாந்துடுய்யா. ஒரு தபா தொட்டுப் பாத்துக்கறேன்."

மறுநாள் கியூஆர் கோட் மேல் பேனாவால் அழுத்தி நான்கு கோடு கிழித்து மிஷினில் விட்டார். எப்படியும் திரும்பி வரும். நம்பரைத் தட்டிவிட்டு, அரவையில் போடாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

தாள் திரும்பி வரவில்லை. அரவை மட்டும் ஒரு தரம் கரகரத்தது.

அவர் எழுந்து நின்றுவிட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ரோஹித் சிரித்துக்கொண்டே வந்தான். கோட் படிக்கிற பழைய சாஃப்ட்வேர் லைப்ரரியை எடுத்துவிட்டுக் காலையில்தான் புதுசு போட்டானாம்.

"இனிமே உங்களுக்குத் திரும்பி வர்ற வேலையே இல்லண்ணே. கிறுக்கல், கறை எது இருந்தாலும் அதுவே தொடச்சிட்டுப் படிச்சிடும்."

கோதண்டம் மனப்பாடமாக நம்பரைச் சொல்லி, அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். பெயர் இருந்தது. எடை இருந்தது. பிறந்த நேரம் இருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. துடைக்காத படம் இருக்கிறதா என்று கேட்டார். இடம் அடைக்கும் என்று அதை வைப்பதில்லையாம்.

"ஏண்ணே, எதுனா விட்டுப்போச்சா?"

"ஒண்ணுமில்ல சார்."

ரோஹித் போனதும் அரவைக்குப் பின்னால் உட்கார்ந்து சாக்குக்குள் கைவிட்டார். ஊதா நிறத் துணுக்குகள் கை நிறைய வந்தன. ஆஸ்பத்திரி முத்திரை எல்லாமே ஊதாதான்.

வீட்டில் சரசா தலைக்குக் குளித்து, வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றினார். அவள் பையை வாங்கி டிபன் பாக்ஸை வெளியே வைத்தாள். பிறகு உள்ளே கையை விட்டு, அடிவரைக்கும் தடவிப் பார்த்தாள்.