பிரேக்கில் கட்டிய வெள்ளைத் துணி

அன்று அண்ணனின் கால் வழுக்கியதா, அவன் பிரேக்கை மிதிக்கவே இல்லையா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

நேற்று மகன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். புது பேண்டேஜ் துணியைப் பிரித்ததும் அந்த வெளுத்த வாசனை வந்தது. பேண்டேஜ் துணி நெய்யும் இராஜபாளையத்தில் பிறந்த யாருக்கும் அது ஊர் வாசனை. எனக்கு அது கோபால் மாமாவின் கார்.

மாமா உறவில்லை, எதிர்வீடு. மில் முதலாளிக்குக் கார் ஓட்டியவர். இளவயதில் அவருக்காகச் சோழவரம் கார் பந்தயங்களிலும் ஓட்டியவர். அண்ணனுக்கும் அந்த ஆசை. நல்ல கை என்பார் மாமா. ஆனால் வளைவைக் கண்டாலே கால் பிரேக்குக்குப் போய்விடும். போன பந்தயங்களிலெல்லாம் கடைசி. இந்த முறையும் அப்படியென்றால் தன் பந்தயக் காரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதற்குத்தான் மாமா தன் பழைய காரின் பிரேக்கில் பேண்டேஜ் துணியைச் சுற்றினார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அதில் ஷூ படாமல் அண்ணன் ஓட்ட வேண்டும். கோபுரம் தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கில் நிறுத்துவான். துணியை அவிழ்த்துப் பார்ப்பது பின்சீட்டில் வரும் என் வேலை. கறை இருந்தால் அவன் பங்கு பால்கோவாவும் எனக்கு. அந்த வருஷம் நான் நன்றாகக் குண்டானேன்.

"ஏலே, மிதிக்காதன்னு சொல்லல. முன்னாலயே பாரு, மிதிக்க வேண்டியதே வராது" என்பார் மாமா.

ஒருநாள் துணி வெள்ளையாகவே வந்தது. மாமா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பந்தயத்தன்று அதையே ராசிக்காகப் பந்தயக் காரின் பிரேக்கில் கட்டிவிட்டார். அண்ணன் கும்பிட்டு ஏறினான். வளைவில் கார் உருண்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

ஆஸ்பத்திரியில் மாமா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "துணி வழுக்கிருச்சு தாயி. நாந்தான் கட்டுனேன்" என்றார்.

கட்டிலிலிருந்து அண்ணன், "வழுக்கல மாமா. நான் மிதிக்கவே இல்ல" என்றான்.

மாமா சாகும்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலைவலிதான் மிச்சம். மாமாவின் கார் பழைய இரும்புக்குப் போயிற்று. அந்த ரோட்டில் இப்போது வேகத்தடைகள். பிரேக் போடாமல் யாரும் கோபுரம் வரை வர முடியாது.

மகனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்கிறான் அண்ணன். ஓடிப்போய்ப் பிடிக்க முடியாத கால். "ஏட்டி, மொதல்ல பிரேக்கத்தான் சொல்லிக் குடுப்பேன்" என்றான் போனில். நான் சிரிக்கவில்லை. அன்று கால் வழுக்கியதுதான் என்றால் பயமில்லை. மிதிக்கவே இல்லை என்றால்? வேண்டாம் என்று சொன்னால், இத்தனை வருஷம் கழித்து நானும் அவனைக் குற்றம் சொன்னதாகிவிடும்.

இன்னும் பதில் சொல்லவில்லை. என் இடத்தில் நீங்கள் இருந்தால் பையனை அவனோடு அனுப்புவீர்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.