வாய்வு என்றார் மாதையன்

பத்து நாளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது மாதையனின் மனைவி லட்சுமி அழைத்தார். "ரோட்டுலயே வுழுந்துட்டாருங்க சார். பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள உசுரு போயிடுச்சுங்க." நான் சட்டையை மாட்டுவதற்குள் கைப்பேசி மறுபடி ஒலித்தது. பயிற்சிச் செயலி. மாதையனின் இன்றைய முப்பது கிலோமீட்டர் பாதியில் நிற்கிறதாம், சாக்குச் சொல்பவர்கள் பதக்கம் வாங்குவதில்லையாம். அவருக்கு மின்னஞ்சல் இல்லையென்று என் முகவரியைக் கொடுத்து அதில் சேர்த்துவிட்டவன் நான்தான்.

பாப்பாரப்பட்டி சாலையில் காலையில் நம்மோடு ஓடியவர்களுக்கு மாதையனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாலக்கோடு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை. என் தங்கை கல்யாணத்துக்குத் தக்காளி வாங்கப் போனபோது, பளபளப்பாக இருந்த ஒரு பெட்டியைக் காட்டினேன். "மேல இருக்கறதப் பாத்து வாங்காதீங்க சார், கைய வுட்டுப் பாக்கணும்" என்று அடியிலிருந்து அழுகல் இரண்டை எடுத்துக் காட்டினார். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். ஒருநாள் ஓட வந்த என்னை நிறுத்தி, "கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது, வூட்டுக்குப் போய்ப் படுங்க" என்றார். மாலையில் எனக்குக் காய்ச்சல் கொளுத்தியது.

அப்பேர்ப்பட்டவர் பெங்களூரு மாரத்தான் ஆசையில் அந்தச் செயலியில், நேரில் பார்த்திராத ஒரு கோச்சிடம் போய் மாட்டினார். கைகட்டி நிற்கும் ஒரு புகைப்படம், கழுத்து நிறையப் பதக்கம், வாரத்துக்கு ஒரு அட்டவணை. அவ்வளவுதான் அந்த ஆள். ஓடி முடித்த நாள் பச்சையாகும், விட்ட நாள் சிவப்பாகும். "ஒரு நாளு வுட்டாக்கூட செவப்பாயிடுதுங்க, பாக்கவே நல்லால்ல" என்பார். நாளெல்லாம் தக்காளிச் சிவப்பை அளைந்த மனிதர் அந்தச் சிவப்புக்குப் பயந்தார்.

போன மாதம் ஒருநாள் ஓடி முடித்ததும் நெஞ்சைப் பிடித்தபடி நின்றார். "நெஞ்சுல வாய்வு புடிச்சிக்கிச்சுங்க. கோச்சுக்கு ஒரு வார்த்த எழுதிப் போடுங்க." நம் பக்கம் நெஞ்சில் எது பிடித்தாலும் வாய்வுதான். நான் ஆங்கில ஆசிரியர். வாய்வுக்கு 'கேஸ்' என்று ஒரே ஆங்கிலச் சொல்லைத் தட்டி அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: பயறு வகைகளைக் குறையுங்கள், ஓட்டத்தைக் குறைக்க வேண்டாம். "பாத்தீங்களா, ஒண்ணுமில்லையாம்" என்று சிரித்தார். அந்த நாளும் பச்சையானது.

அடக்கம் முடிந்தபின் கோச்சுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு வரி அனுதாபம். அடுத்த வரியில், மீதியிருக்கும் பயிற்சி வாரங்களை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தருவதாக எழுதியிருந்தான். வாயில் வந்ததையெல்லாம் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அவன் மாதையனின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வியர்த்து ஊற்றிக்கொண்டு, நெஞ்சில் கையோடு, எனக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றார். டாக்டரிடம் போகலாம் வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்தாம் நாள் லட்சுமி கேட்டார்: "நெஞ்சு புடிக்குதுன்னு கோச்சுகிட்டச் சொன்னீங்களாமே சார், அந்தாளு ஒண்ணும் சொல்லலீங்களா?" வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். மாதையன் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இந்தக் கேள்விதான். அவர் சொன்னபடி கையை உள்ளே விட்டுப் பதில் எடுக்கிறேன்.

லட்சுமி தங்கச்சி, நெஞ்சு என்ற சொல்லை நான் எழுதவே இல்லை.