பாலும் கஞ்சித்தண்ணியும்

தைலம்மாள் வெயிலுக்கு முதுகைக் காட்டி, இடது கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள் என்றால் எதிரே ஏதோ ஒரு வெள்ளை இருக்கிறது என்று அர்த்தம். வாங்கிய பாலையும் அப்படித்தான் பார்ப்பாள், துவைத்த வேட்டியையும் அப்படித்தான் பார்ப்பாள். சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக் களத்தில் இருபத்திரண்டு வருஷம் காயவைத்து, கிளறி, ரகம் பிரித்த கண். "மொதல் ரகம்" என்று அவள் சொல்லிவிட்டால் முதலாளி மறுபேச்சில்லாமல் மூட்டையைத் தைக்கச் சொல்வார்.

இன்று எதிரே இருப்பது அவளுடைய சொந்தச் சுவர். நைனார்பாளையத்தில் ஓலை போய்த் தளம் வந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். பெயிண்டர் பகலவன் இரண்டு சாம்பிள் டப்பாக்களைத் திறந்து, கூடத்துச் சுவரில் இரண்டு வெள்ளையைத் திட்டாக அடித்துக் காட்டியிருந்தான். ஒன்று உள்ளூர்க் கடையிலேயே கிடைப்பது. மற்றது கள்ளக்குறிச்சியிலிருந்து வரவேண்டும். "ரெண்டும் ஒண்ணுதான், இங்க இருக்கறதயே அடிச்சுடுங்க" என்று மகன் தமிழழகன் போனிலேயே முடித்துவிட்டான். பெற்றவளின் கண்ணைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்!

"கள்ளக்குறிச்சிது பாலு. இது கஞ்சித்தண்ணி. எம் வூட்டுச் செவுத்துல கஞ்சி வேணாம் தம்பி."

பகலவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் டீ போடப் போன நேரத்தில் அதே இரண்டு டப்பாக்களில் ஒன்றிலிருந்து ஓரமாக மூன்றாவது திட்டு ஒன்றை அடித்துவைத்தான். வந்தவள், டம்ளரை நீட்டிய கையோடு நின்றாள். இடது கண் மூடியது.

"இன்னா தம்பி, என்னையே ஆழம் பாக்கறியா? புதுசா அடிச்சதும் பாலுதான். ஈரத்துல மங்கித் தெரியுது, காஞ்சா தெளிஞ்சுரும். ஈர மாவப் பாத்தே காஞ்ச ரகம் சொன்னவ நானு."

அவன் டீயைக் குடித்துவிட்டுக் காத்திருந்தான். காய்ந்தது. தெளிந்தது.

"பதினஞ்சு வருசமா பெயிண்ட் அடிச்சிக்கினு இருக்கறேன்க்கா. ஈரத்துல என்னாலயே சொல்ல முடியாது."

தைலம்மாளுக்கு முகமெல்லாம் பெருமை. அதை மறைக்கவும் இல்லை. "ஊரான் மூட்டைக்குச் சொன்ன கண்ணு. எனக்குச் சொல்லாதா?"

"எதுக்கும் தமிழழகன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாங்களா?" என்று பகலவன் போனை எடுத்தான்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். பிரஷ்ஷை எடுத்துப் பால் டப்பாவில் தோய்த்து, கஞ்சித் திட்டின்மேல் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு இழுத்தாள்.