மாலதி தீதியின் தீவு

கடலுக்கடியில் மண் சரிந்தால் சுனாமி எங்கெல்லாம் ஏறும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். சுந்தரவனக் கரைக்கான கணக்கு ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நின்றது. குட்டித் தீவுகள்தான் தொல்லை. எரிச்சலில் ஏழெட்டுத் தீவுகளைக் கணினிப் படத்தில் அழித்துக் கடலாக்கினேன். உடனே ஜோராக ஓடியது.

அன்று தரை துடைக்க வந்த மாலதி தீதி, வங்காளத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம், திரை முன்னால் நின்றுவிட்டார். அலை ஏறும் நிலம் சிவப்பு என்று மட்டும் சொன்னேன்; நீலம் கடல் என்று சொல்லவில்லை. ஆற்று வளைவோடு விரலை நகர்த்தி, நீலமாக இருந்த ஓரிடத்தில் நிறுத்தினார்.

"தீதிமணி, எங்க வீடு இங்கதான். சிவப்பே இல்லையே! நாங்க தப்பிச்சோம்!"

நான் வாயைத் திறப்பதற்குள் மகளுக்குப் போன் போட்டுச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

அது நான் அழித்த தீவுகளில் ஒன்று.

"போனை வைக்காதீங்க தீதி. உங்க தீவையே நான் படத்துல அழிச்சிட்டேன்."

சிரிப்பு நின்றது. "அங்க நாங்க இருக்கோமே?" என்றார்.

தீவுகளைத் திரும்ப வைத்தேன். கணக்கு இன்றைக்கும் அடிக்கடி நிற்கிறது. முன்போல எரிச்சல் வருவதில்லை. அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றுகிறது.