கிரகோரி மாமா தேடிய படம்

பாறசாலை ஜங்ஷனில் கிரகோரி மாமாவின் பிரேம் கடைக்கும் நான் வேலை பார்க்கும் பிரிண்டிங் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பொழியூரில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், தோள்மூட்டு இறங்கிப்போன பிறகு கண்ணாடி வெட்டப் பழகினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பிரேம் போடாத சாமி இல்லை. இயேசுவின் திருஇருதயம், மாதா, பத்மநாபன், ஐயப்பன் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் எந்தச் சுவரில் மாட்டுவீர்கள் என்று கேட்பார். சுவருக்கு அந்தப்பக்கம் குளியலறை, அவர் சொல்லில் குளிமுறி, என்றால், வேறு சுவர் பார்த்துவிட்டு வரச் சொல்லுவார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார்.

"மக்கா, பஞ்சாபிக்காரனுவளுக்க தெய்வத்துக்க படம் ஒண்ணு எடுத்துத் தா. பெருசா வேணும்."

எதற்கென்று எனக்குத் தெரியும். மகள் சிஜி லூதியானாவில் நர்ஸ். அங்கே குர்ஜோத் என்ற சீக்கியரைக் கல்யாணம் செய்தாள். என் வீட்டுப் படி ஏறாதே என்று மாமா போனில் சொன்னார். மூன்று வருடம் அவள் ஏறவில்லை. அவரோடு ஒரு சொல் பேசவுமில்லை. இப்போது அம்மா பவுலா மாமியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கணவனோடு வருகிறாள். தப்பு என்மேல்தான் என்று சொல்லும் வாய் மாமாவுக்குக் கிடையாது. வீட்டில் திருஇருதயத்துக்குப் பக்கத்தில் மருமகனின் கடவுளை மாட்டிவிட்டால் மகளுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தார்.

நெட்டில் தேடினேன். வெள்ளைத் தாடியும் ஒளிவட்டமுமாகக் குருநானக் வந்தார்.

"இதுதான். இத எடு."

"இவரு குருவாக்கும் மாமா. கடவுள் இல்ல."

"அப்ப கடவுள எடு."

"கடவுளுக்கு உருவம் இல்லியாம். ஒண்ணே ஒண்ணுதானாம். பொறக்கவும் இல்ல, சாவவும் இல்ல. பயம் கிடையாது, யாருகிட்டயும் பகை கிடையாது."

"பொறக்கலியா? அப்ப அம்மைக்க பேரு?"

"பொறந்தாத்தானே அம்மை."

"உனக்க நெட்டு சரியில்ல." போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி தலை தெரிந்தது.

"எலே, உருவம் இல்லாத்தவன எந்தச் சுவருல தூக்குவினும்?"

"எல்லா இடத்திலயும் உண்டாம்."

"குளிமுறியிலயுமா?"

கடைசியில் குருநானக்கையே அச்சடித்துக் கொடுத்தேன். தங்க நிறத்தில் பிரேம் போட்டு, கீழே ஒரு சிவப்பு பல்பும் வைத்தார்.

ஞாயிறு சாயங்காலம் என்னையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் இந்தி வரும்; சிஜி வாய் திறக்காவிட்டால் மருமகனோடு பேச ஆள் வேண்டுமே.

சிஜி சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள், அடுக்களைக்குள் போனாள். குர்ஜோத் படத்தின்முன் கைகூப்பினார். பிறகு சிரித்துக்கொண்டு, இவர் எங்கள் குரு, இவரும் அந்த ஒருவனைத்தான் கும்பிட்டார் என்றார். மாமாவிடம் தமிழில் சொன்னேன்.

"அந்த ஒருத்தன் எங்க உண்டுன்னு கேளு."

கேட்டேன். குர்ஜோத் கையை மெல்லச் சுழற்றினார். கை சுவரைக் காட்டியது, வாசலை, பூனையை, மீன் சட்டியோடு வந்த பவுலா மாமியை, என்னை, மாமாவை. மாமாவின் கண் அதன் பின்னாலேயே போனது.

"கைய ஒரு இடத்துல நிறுத்தச் சொல்லுடே."

"உங்களுக்குக் கழுத்து சுளுக்கும்," என்றாள் மாமி.

ஏழு மணிக்கு ஜெபமாலை. சிஜியும் வந்து, எல்லாரும் திருஇருதயத்தைப் பார்த்து முழங்காலிட்டார்கள். குர்ஜோத் பின்னால் சம்மணமிட்டு, வாசல் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு மணிக்கும் மாமா முன்வரி சொல்ல, பதிலாக மாமி பின்வரி சொன்னாள். மாமாவுக்குச் சுவரில் கண் நிற்கவில்லை. வாசலுக்குப் போய்ப் போய் வந்தது. நான்கு வயதிலிருந்து சொல்லும் ஜெபம், இரண்டாம் பத்து மணியில் பாதியில் நின்றது. யாரைப் பார்த்துச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது.

மாமி காத்திருந்தாள். பின்னாலிருந்து சிஜி, அவர் விட்ட வரியைச் சொன்னாள்.

மாமா திரும்பவில்லை. மாமிக்கு முந்திக்கொண்டு, பின்வரியை அவரே சொன்னார். சிஜி அடுத்த முன்வரியைச் சொன்னாள்.